அறுநூற்றுப் பத்தொன்பதாம் நாள்

ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூம் தரைக்குக் கீழே இருந்தது. கூரையை ஒட்டினாற்போல் நீளமாக ஒரு ஜன்னல். அதன் வழியாகத் தெருவில் நடப்பவர்களின் கால்கள் மட்டும் தெரியும். பதினெட்டு வருஷமாக அந்த ஜன்னலுக்கு அடியில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தால் போதும், அதில் இருக்கும் ஆள் எந்த வீட்டில் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பார், டாக்டர் சொன்னதை வீட்டுக்குப் போய் யாரிடம் முதலில் சொல்லியிருப்பார் என்று மனம் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். யாராவது வந்து மேஜையைத் தட்டினால்தான் தரைக்கு வருவாள். அதனால் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ‘மேகம்’ என்று பேர். வார்டு சிஸ்டர்கள் வைத்த பேர் அது. வீடு வரைக்கும் வந்து, பிறகு அவள் கணவனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயதானபோது ஃபைல்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை தொடங்கியது. தள்ளுவண்டியில் ஸ்கேனர்கள் வந்து இறங்கின. அலமாரிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. எல்லோரும் அவளைத் துக்கம் விசாரிப்பது போல விசாரித்தார்கள். அவளுக்கோ துக்கமே இல்லை. தூசி போனதில் பல வருஷத் தும்மல் நின்றிருந்தது. காலியான அறையில் வெளிச்சம் கூடப் பெரிதாகத் தெரிந்தது.

ஏற்ற வந்தவர்களுக்குத் தலைவியாக இருந்த பெண் இன்ஜினியர் தினமும் படியிறங்கி வந்து சந்தேகம் கேட்பாள். ஒரே ஆளுக்கு மூன்று நம்பர் இருக்கிறதே, எதை வைத்துக்கொள்வது? ஒரே பேர், ஒரே வயதில் இரண்டு பெண்கள். இதில் பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவள் யார்? மேகம் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். ஒருநாள் அந்தப் பெண் பேனாவை மூடிக்கொண்டு, “அக்கா, நீங்க சும்மா பேச்சுவாக்குல சொல்றதெல்லாம் ஒரு படிப்பாவே இருக்கு, தெரியுமா?” என்றாள். மறுநாள் ஒரு தாளை அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ், முதுகலை, தொலைநிலைக் கல்வி, இரண்டரை வருஷம். எந்தப் பட்டதாரியும் சேரலாம் என்று போட்டிருந்தது. அவள் எப்போதோ தாவரவியல் படித்தவள். இலைகளின் பேர் கூட இப்போது நினைவில் இல்லை.

அந்தத் தாள் மூன்று வாரம் அவள் கைப்பையிலேயே கிடந்தது. நாலாவது வாரம் கணவனிடம் காட்டினாள். அவன் நகரப் பேருந்து ஓட்டுபவன். படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

“இத படிச்சா என்னவா ஆவ?”

“தெரியல.”

“சரி, படி.”

“அவ்வளவுதானா? வேற ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?”

“மேகம் போய் கிளவுட் பத்திப் படிக்கப் போகுது. இதுல கேக்க என்ன இருக்கு?”

அப்படித்தான் சேர்ந்தாள். அவளுக்கு இரண்டு மணிக்கு வேலை முடியும். மூன்று மணிக்கு வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைப்பாள். எதிர் நாற்காலியில் அவள் அம்மா வந்து உட்கார்ந்துகொள்வாள். அப்பா போன பிறகு அம்மா இவர்களோடுதான் இருந்தாள். பாடங்கள் எல்லாம் பதிவு செய்து வைத்த காணொளிகள். புள்ளியியல் எடுக்கும் ஆசிரியையின் குரல் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. “இவ நல்லா பேசுறா. அதட்டவே மாட்டேங்குறா. என்ன சொல்றான்னுதான் புரியல” என்பாள். “எனக்கும் அதே நிலைமைதாம்மா” என்பாள் மகள்.

உண்மையும் அதுதான். ஆசிரியை வரைபடத்தில் ஒரு கோட்டை இழுத்தால் அந்தக் கோட்டின் மேலேறி அவள் வேறெங்கோ போய்விடுவாள். திரும்பி வரும்போது பாடம் முடிந்து திரை கறுத்திருக்கும். அதில் மேஜையும், தூங்கி விழும் அம்மாவும், பின்னால் பால்கனியில் அசையும் துணியும் தெரியும். மறுபடி முதலிலிருந்து போடுவாள். ஒரு மணி நேரப் பாடம் அவளுக்கு மூன்று மணி நேரம்.

முதல் பரீட்சையில் தரவுத்தளப் பாடத்தில் முப்பத்தெட்டு மதிப்பெண் வாங்கித் தோற்றாள். நோயாளி, மருத்துவர், வருகை, இந்த மூன்றுக்கும் அட்டவணை வடிவமைக்கச் சொல்லியிருந்தார்கள். கூட யாருமே இல்லாமல் தனியாக வரும் நோயாளிக்கு ஒரு கட்டம் வேண்டாமா என்று அவள் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தாள். திருத்தியவர் ஓரத்தில் எழுதியிருந்தார்: ‘நல்ல கேள்வி. ஆனால் விடை எங்கே?’ கணவனின் அக்கா விஷயம் கேள்விப்பட்டு, “பேசாம ஒரு தையல் மெஷின் வாங்கிப் போட்டிருக்கலாம்” என்றாள். மேகத்துக்கு அழுகை வரவில்லை. அந்த ஓரக் குறிப்பை மட்டும் பத்துத் தடவை படித்தாள். ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதி அறுபத்தொன்று வாங்கினாள்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடி, ஆய்வேடு எழுத வேண்டிய காலம் வந்தது. டயாலிசிஸ் நோயாளிகளில் யார் யார் குறித்த நாளில் வராமல் போவார்கள் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதைத் தலைப்பாக எடுத்துக்கொண்டாள். டயாலிசிஸ் என்றால் சிறுநீரகம் ஓய்ந்துபோனவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷினோடு படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்வது. ஒரு தடவை தவறினாலும் உடம்பில் நீர் சேர்ந்துவிடும். அவளுடைய அப்பாவும் அதே ஆஸ்பத்திரியில் அப்படி வந்தவர்தான். போய் ஆறு வருஷம் ஆயிற்று. “அதனாலதான் இந்தத் தலைப்பா?” என்று திரையில் வழிகாட்டி கேட்டபோது, “இல்ல மேடம், அந்தப் பிரிவோட பதிவுகள்தான் ஒழுங்கா இருக்கு” என்றாள். அப்போது அவள் அதை நம்பித்தான் சொன்னாள்.

நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்தது. பேர், முகவரி, போன் நம்பர் எல்லாம் நீக்கி, தேதிகளையும் அழித்து, வந்த முதல் நாளை ஒன்று என்று வைத்து மீதியை எண்களாக்கி ஒரு கோப்பு அவளுக்கு வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒரு வரி. அந்த வரியைத் தொட்டால் அவர்களுடைய நாட்கள் விரியும்.

அன்று மத்தியானம் வெளியே மழை பெய்யாமல் நின்றுகொண்டிருந்தது. அறைக்குள் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல ஒரு வெளிச்சம். அம்மா நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தாள். அவள் வரிகளை, அதிகம் தவறவிட்டவர் முதல் தவறவே விடாதவர் வரை என்று அடுக்கிப் பார்த்தாள். உச்சியில் நாற்பது தடவை வராமல் போன ஒருவர். கீழே இறங்க இறங்க எண் குறைந்தது. ஒன்று என்ற இடத்தில் ஒரே ஒரு வரி.

ஆண். தொடங்கும்போது வயது அறுபத்தொன்று. ஏபி நெகட்டிவ். நூற்று நாற்பதாம் நாள் ஊசி போடும் கை இடதிலிருந்து வலதுக்கு மாற்றம். எண்ணூற்று ஐம்பத்தொன்பதாம் நாளோடு முடிவு. இதயம் நின்றதால் மரணம். தொழில் என்ற கட்டத்தை எடுத்துவிட யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. அதில் எழுதியிருந்தது: லிஃப்ட் மெக்கானிக்.

முதலில் அவள் அதை வெறும் தரவாகவே படித்தாள். அடுத்த வரிக்குப் போய்க்கூட விட்டாள். பிறகுதான் விரல் நின்றது. ‘அந்தக் கை ரிடையர் ஆயிடுச்சு, இனிமே இந்தக் கைக்குத்தான் டியூட்டி’ என்று அப்பா சொல்லிச் சிரித்தது அவ்வளவு பக்கத்தில் கேட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் அம்மாவின் மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பேர் இல்லை, முகம் இல்லை, தேதி கூட இல்லை. ஆனாலும் அப்பா வந்து உட்கார்ந்துவிட்டார்.

பார்க்கக்கூடாது என்று தெரியும். ஆளை அடையாளம் கண்டுவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். இருந்தும் விரல் அந்த வரியைத் தொட்டுவிட்டது. நாட்கள் விரிந்தன. எண்களாக இருந்தவை அவளுக்குக் கிழமைகளாகவே தெரிந்தன. செவ்வாய், வியாழன், சனி. செவ்வாய், வியாழன், சனி. எடை, ரத்த அழுத்தம், மறுபடி எடை. எங்கும் ஒரு சிணுங்கல் இல்லை. அறுநூற்றுப் பதினேழாம் நாள் வந்திருக்கிறார். அறுநூற்றுப் பத்தொன்பதாம் நாள்: ‘வரவில்லை’. காரணம் என்ற கட்டத்தில் ஒன்பது. ஒன்பது என்றால் ‘தெரியாது’. அறுநூற்று இருபத்தொன்றாம் நாள் மறுபடி வந்திருக்கிறார். எடை மட்டும் வழக்கத்தைவிட இரண்டு கிலோவுக்கு மேல் கூடியிருந்தது.

அப்பா ஒரு நாளும் தவறவிட்டதில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். டயாலிசிஸ் பிரிவு ஆஸ்பத்திரியின் மறுகோடியில், வேறு தெருவைப் பார்த்த வாசலில் இருந்தது. அவர் தனியாகவே பஸ் ஏறிப் போய், தனியாகவே திரும்பி வருவார். முதல் நாள் மட்டும் அவள் கூடப் போயிருந்தாள். அந்தத் தேதி அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அதிலிருந்து போன் காலண்டரில் நாட்களை எண்ணிக்கொண்டே போனாள். அறுநூற்றுப் பதினேழு, அப்பாவின் அறுபத்து மூன்றாவது பிறந்தநாளில் வந்து நின்றது. பிறந்தநாளன்று மெஷினில் படுத்திருந்துவிட்டு, அடுத்த வியாழக்கிழமை மனுஷன் எங்கேயோ போயிருக்கிறார்.

ஐந்து மணிக்குக் கணவன் வந்தான். முகம் கழுவிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவனிடம் கேட்டாள்.

“அப்பா ஒரு வியாழக்கிழமை டயாலிசிஸ் போகாம இருந்திருக்காரு. உங்களுக்கு எதாவது தெரியுமா?”

அவன் டம்ளரை மேஜையில் வைத்தான். வைத்த விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“உனக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. நீங்க சொல்லுங்க.”

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

“என் பஸ்லதான் இருந்தாரு. காலைல வழக்கம்போல ஏறி, என் சீட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஒத்த சீட்டுல உக்காந்தாரு. ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்துச்சு. மாமா, இறங்குங்கன்னேன். கண்ணாடில என்னைப் பாத்து, ‘நீ வண்டிய எடு மாப்ள’ன்னாரு.”

“நீங்க எடுத்துட்டீங்க.”

“பின்னாடி ஹாரன் அடிக்கிறான். எடுத்தேன். அடுத்த ஸ்டாப்புல திரும்பிக் கேட்டேன். ‘ஆயுசு பூரா மேலேயும் கீழேயுமாவே போயிட்டு வந்துட்டேன். இன்னைக்கு ஒரு நாள் நேரா போறேனே’ன்னாரு. அதுக்கு நான் என்ன சொல்லட்டும்?”

அவன் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனான். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக நாலு நடை. அப்பா இறங்கவே இல்லை. கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாய்க்குள் படித்துக்கொண்டு வந்தார். எந்தக் கட்டடத்தைத் தாண்டினாலும், ‘இங்க எட்டு மாடி, நான் மாட்டின லிஃப்ட்டுதான்’, ‘இங்க கேபிள் மூணு தடவை மாத்தினேன்’ என்று பின்னாலிருந்து சொன்னார். கடைசி நிறுத்தத்தில் வண்டி நிற்கும்போது இரண்டு டீயும் ஒரு சோடாவும் வாங்கிக் குடித்தார். அளந்து அளந்து தண்ணீர் குடிக்க வேண்டியவர், கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் அந்தச் சோடாவைக் குடித்தாராம். நாலாவது நடையில் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். வெயில் அவர் முகத்தில் விழுவதும் விலகுவதுமாக இருந்தது. தூக்கம் கலைந்துவிடுமே என்று இவன் அன்றைக்கு ஒரு பள்ளத்தில் கூட வண்டியை விடவில்லை.

“உன்கிட்ட சொல்ல வேணாம்னாரு. பயந்துடுவான்னாரு. சனிக்கிழமை கரெக்டா போயிடறேன்னு சத்தியம் பண்ணாரு. போகவும் போனாரு.” அவன் குரல் இறங்கியது. “அப்புறம் எட்டு மாசத்துல போய்ச் சேந்துட்டாரு. அன்னைக்கு நான் இறக்கி விட்டிருக்கணும். கையப் புடிச்சு இறக்கி விட்டிருக்கணும். ஆறு வருஷமா அந்த ஸ்டாப்புல வண்டி நிக்கிறப்பெல்லாம் இதே நெனப்புதான்.”

அவளுக்குக் கோபம் வந்தது. எழுந்து பால்கனிக்குப் போய் நின்றாள். இவ்வளவு நாள் பக்கத்தில் படுத்திருந்த மனிதன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. கீழே யாரோ குடையை விரிப்பதும் மடக்குவதுமாக நடந்து போனார்கள். வெயிலில் தலை சாய்த்துத் தூங்கும் அப்பாவை அவள் மனம் அதுபாட்டுக்கு வரைய ஆரம்பித்தது. அந்தத் தூக்கத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாளோ, தெரியவில்லை. திரும்பி உள்ளே வந்தபோது கோபம் முழுதாகப் போயிருக்கவில்லை. ஆனால் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது.

“இங்க பாருங்க. அந்த நாளுக்கு அப்புறம் அவர் நூத்தி மூணு தடவை போயிருக்காரு. ஒண்ணு கூடத் தவறல. கூடின எடை அடுத்த செவ்வாக்கிழமையே பழையபடி வந்துடுச்சு. அந்த எட்டு மாசத்துல அது மறுபடி ஏறவே இல்ல. நான் பாத்துட்டுத்தான் சொல்றேன்.”

“நிஜமாவா?”

“நான் டாக்டர் இல்ல. ஆனா எண்ணிப் பாத்தேன். நீங்க ஒண்ணும் பண்ணல.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள்கள் மட்டும் அசைந்தன. அவள் அவன் முதுகில் கை வைத்தாள். அப்போதுதான் எதிர் நாற்காலியில் அம்மா கண்ணைத் திறந்தபடி இருப்பதைக் கவனித்தார்கள்.

“அன்னைக்கு அவர் கைல பிளாஸ்திரி இல்ல” என்றாள் அம்மா. “ஊசி குத்திட்டு வந்தா பிளாஸ்திரி இருக்கணும்ல. போகலைன்னு அப்பவே தெரியும். எங்க போனாருன்னுதான் தெரியாம இருந்துச்சு.”

“ஏம்மா கேக்கல?”

“முகம் நல்லா இருந்துச்சு. எதுக்குக் கேக்கணும்?” என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து போய் விளக்கைப் போட்டாள்.

மறுநாளே அவள் வழிகாட்டிக்கு எல்லாவற்றையும் எழுதினாள். அடையாளம் கண்டது, நிறுத்தாமல் மேலே படித்தது, வீட்டில் கேட்டது, ஒன்றையும் மறைக்கவில்லை. அன்று மாலை வழிகாட்டி திரையில் வந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“நீங்க செஞ்சது தப்பு. தெரியுமில்ல?”

“தெரியும் மேடம்.”

“குழுவுக்கு நான் சொல்லியாகணும்.”

“சொல்லுங்க மேடம்.”

“சொல்றேன். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. பேர் எடுத்தாச்சு, தேதி எடுத்தாச்சு, இனிமே யாராலயும் கண்டுபிடிக்க முடியாதுன்னு அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். நீங்க ஒரே மத்தியானத்துல கண்டுபிடிச்சிட்டீங்க. உங்க ஆய்வு அதுதான்.”

குழு அவளைக் கண்டித்து ஒரு கடிதம் கொடுத்தது. ஆறு வாரம் எதையும் தொடவிடவில்லை. கோப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அந்த ஆறு வாரமும் அவள் மூன்று மணிக்கு மேஜையில் உட்கார்ந்து வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படிப்பு கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் வந்து வந்து போயிற்று. பிறகு புதிய தலைப்புக்கு அனுமதி வந்தது. அந்த ஆஸ்பத்திரியிலேயே எப்போதோ நோயாளியாகப் படுத்திருந்த ஊழியர்கள் பத்தொன்பது பேரிடம் சம்மதம் வாங்கினாள். பேர் நீக்கிய வரிகளுக்கு நடுவே அவரவர் வரியை அவரவரே தேடிப் பார்க்கச் சொன்னாள். பதினான்கு பேர் பத்து நிமிஷத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். சமையல்கூட மேற்பார்வையாளர் தன் வரியைப் பார்த்ததும், “இந்த ஆளு பாவம்” என்று சொல்லிவிட்டுச் சற்றுக் கழித்துத்தான், “அட, நான்தான்” என்றார்.

வாய்மொழித் தேர்வு ஒரு காலை நேரத்தில் திரை வழியாக நடந்தது. மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். அவளும் தடுமாறாமல் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசியாக ஒருவர், “யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி எல்லாத்தையும் மங்கலாக்கிட்டா, நாம எதை இழக்கிறோம்?” என்று கேட்டார். அவள் கிளம்பிவிட்டாள். கண் திறந்தபடி, இமை கூட ஆடாமல், எங்கேயோ போய்விட்டாள். இணைப்பு அறுந்து படம் நின்றுவிட்டது என்று நினைத்து அவர்கள், “கேக்குதா? நாங்க பேசறது கேக்குதா?” என்று மாறி மாறிக் கேட்டார்கள்.

“கேக்குது சார். யோசிச்சுக்கிட்டிருக்கேன்” என்றாள்.

யோசித்து முடித்துச் சொன்ன பதிலுக்கு அவர்கள் குறுக்கே பேசவில்லை. ஆய்வேட்டுக்கு எண்பத்திரண்டு கிடைத்தது.

இப்போது அவள் ஆஸ்பத்திரியின் தகவல் பிரிவில் இருக்கிறாள். மூன்றாவது மாடி. ஜன்னலில் எதிர்க் கட்டடமும் அதன் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளும் தெரிகின்றன. ஆய்வுக்காக வெளியே போகும் எந்தக் கோப்பும் அவள் கையெழுத்தில்லாமல் போவதில்லை. தொழில் என்ற கட்டம் ‘உடல் உழைப்பு’, ‘அலுவலகம்’ என்று பெரிய பிரிவுகளாகச் சுருங்கிவிட்டது. நாட்களையும் கொஞ்சம் முன்பின்னாகத் தள்ளி வைத்தே கொடுக்கிறார்கள்.

டயாலிசிஸ் பிரிவிலும் அவள் சொல்லி ஒரு மாற்றம். யாராவது வராவிட்டால் பத்து நிமிஷத்துக்குள் சிஸ்டர் போன் செய்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிவைக்க வேண்டும். கூடுமானால் மறுநாளே வரச் சொல்லி இடம் ஒதுக்கவும் வேண்டும். ஆரம்பத்தில் சிஸ்டர்களுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. மூத்த சிஸ்டர் ஒருநாள் மேலேயே ஏறி வந்துவிட்டாள்.

“மேகம், இங்க வா. அந்த நாலாம் நம்பர் பெட் தாத்தாவுக்குப் போன் போட்டேன். ஏன் வரலைன்னு கேட்டா, ‘சும்மாதான்’ங்கறாரு. இதைப் போய் நான் என்னன்னு எழுதறது?”

“உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“நல்லாத்தான் இருக்காரு. பின்னாடி ரேடியோ பாடுது. நாளைக்குக் காலைல வந்துடறேன்னுட்டாரு.”

“அப்போ ‘சும்மா’ன்னே எழுதுங்க சிஸ்டர்.”

சிஸ்டர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அங்கேயே நின்றபடி கையிலிருந்த டேப்லெட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.